சேர்வராயன் மலையில் மவுண்டன் பைக் தடம் தேடுவது எப்படி: காரில் சைக்கிளோடு வருகிறவர்களுக்கான முழு வழிகாட்டி

காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கு வருகிற பலர், கடைசியில் லூப் ரோட்டுத் தாரிலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஊர் திரும்புகிறார்கள். சைக்கிளில் குறை இல்லை, காலிலும் தெம்பு இருக்கிறது. தேடுகிற வரிசைதான் தலைகீழ். மொபைலில் அழகாக வளைந்து போகும் ஒரு கோடு கண்ணில் படுகிறது; உடனே லீவு போட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்; நேரில் வந்தால் பூட்டிய கேட். இது யாருடைய இடம் என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

இங்கே ஓட்டக் கிடைப்பவை சைக்கிளுக்கென்று வெட்டிய தடங்கள் அல்ல. காப்பி மூட்டை ஏற்றும் டிராக்டருக்கும், ஊருக்குப் போகும் ஜீப்புக்கும், மாட்டுக்கும் ஆளுக்கும் போட்ட வழிகள். எனவே எது நல்ல தடம் என்று தொடங்காதீர்கள். எதிலெல்லாம் போகக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். மிச்சம் நிற்பதில் ஓட்டலாம். கீழே இருப்பது அந்தக் கழித்தலின் வரிசை.

1. முதலில் தேதி

தடத்தைப் பிடித்துவிட்டு அப்புறம் தேதி பார்ப்பது வேலைக்கு ஆகாது. ஜனவரியில் சுகமாக ஓடும் அதே மண்ரோடு அக்டோபரில் ஓடையாக இருக்கும்.

ஏற்காட்டுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கோடையில் சாயங்கால இடிமழை வேறு. வடகிழக்கு மழை வலுக்கும்போது மலைப்பாதையையே நம்ப முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் சேலம்–ஏற்காடு பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. மே மாதம் கோடை விழாக் கூட்டம். விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி ஒருவழியாக மாற்றிவிடுவது வழக்கம். ஒரு முனையில் இறக்கிவிட்டு மறு முனையில் காரோடு காத்திருக்கும் திட்டமெல்லாம் அன்றைக்கு நடக்காது.

மிஞ்சுவது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. அது காப்பிப் பழம் பறிக்கும் காலம் என்பதால் எஸ்டேட் ரோடுகளில் ஆள் நடமாட்டமும் டிராக்டரும் இருக்கும். வளைவுகளில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். வழி கேட்க ஆள் கிடைப்பார்கள் என்பது இதில் உள்ள லாபம். பிப்ரவரி நடுவைத் தாண்டினால் காடு காயத் தொடங்கிவிடும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, தீக்காலத்தில் வனத்துறையின் கெடுபிடி அதிகம். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நீங்கள் வந்த நேரத்தில் மழை பெய்துவிட்டதா? இரண்டு நல்ல வெயில் நாள் விட்டு ஓட்டுங்கள். இங்குள்ள செம்மண் ஈரத்தில் டயரோடு ஒட்டி ஃபோர்க்கின் இடுக்கை அடைத்துவிடும், சக்கரமே சுற்றாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஈர மண்ணில் நீங்கள் கிழித்த தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகும். ரோட்டைச் சரிசெய்வது எஸ்டேட்காரர் தலையில் விழும். அப்புறம் உங்களுக்குப் பின்னால் வந்து கேட்கிற சைக்கிள்காரருக்கு "இல்லை" என்றுதான் பதில் வரும்.

2. யாருடைய இடம்

வழிமுறையில் பாதிக் கனம் இந்தப் படியில்தான். சேர்வராயனில் நிலம் ஏறக்குறைய நான்கு வகை.

காப்புக்காடு: அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். மாடு மேய்கிற ஒத்தையடிப்பாதை உள்ளே போகிறது என்பதற்காக நீங்களும் போகலாம் என்று ஆகிவிடாது. காட்டு ஓரங்களில் வசிக்கும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அந்தப் பாதையில் தேவையும் உண்டு, வழக்கமும் உண்டு. அதை வெளியூர்க்காரர் தனக்கும் பொருத்திக்கொள்ள முடியாது.

எஸ்டேட்: காப்பியும் மிளகும் விளையும் தனியார் நிலம். மலைக்கு மேலே நல்ல மண்ரோடுகளில் பெரும்பகுதி இதற்குள்தான் இருக்கிறது. கேட்டால் கிடைக்கலாம், கேட்காமல் போனால் தகராறு.

ஊர் வழிகள்: பஞ்சாயத்து ரோடு, ஒரு ஊரையும் இன்னொரு ஊரையும் இணைக்கும் வண்டித்தடம். எவர் அனுமதியும் வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் இங்கே தொடங்குவதுதான் நல்லது. நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம், கொட்டச்சேடு போன்ற ஊர்ப் பெயர்களைப் படத்தில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு நடுவே தார் அல்லாத வழி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

சுரங்க நிலம்: சேலத்துக்கு வடமேற்கே நெடுஞ்சாலையில் வரும்போது வெள்ளை வெள்ளையாக மேடுகள் தெரியும். மேக்னசைட் வெட்டி எடுக்கும் இடம். பார்த்தால் எவருக்கும் ஓட்டத் தோன்றும். விளிம்பு தெரியாத பள்ளங்கள் உண்டு, உரிமையும் உங்களுக்கு இல்லை. அந்தப் பக்கமே வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பம்: 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் 40 பாதைகளைப் பார்த்துவிட்டு, அதில் பணம் கட்டினால் சைக்கிளும் போகலாம் என்று நினைப்பது. அவை வழிகாட்டியோடு நடந்து போவதற்கான பாதைகள். பதிவு செய்த ரசீதைக் காட்டிச் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போக முடியாது.

காட்டின் எல்லையை அறிய கூகுள் மேப்பின் பச்சை நிறத்தை நம்பாதீர்கள், அது சட்ட எல்லை அல்ல. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத் தாள்களில் காப்புக்காட்டின் எல்லை தனிக் கோடாக இருக்கும். இந்தியக் குடிமக்கள் பதிவு செய்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். மொபைலில் தெரியும் கோட்டை அந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். எல்லைக்குள் போகிறதென்றால் அந்தக் கோட்டை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

3. மிச்சம் இருக்கும் கோடுகளைச் சோதியுங்கள்

இப்போதுதான் செயலிகளுக்கு வேலை. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்மாண்ட் ஒன்றை இறக்கி, தமிழ்நாட்டுப் படத்தை வீட்டிலேயே சேமித்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் பள்ளங்களில் சிக்னல் போய்ப் போய் வரும். அங்கே நின்று படம் திறக்கும் என்று காத்திருக்க முடியாது.

இந்தப் படங்களில் வண்டி போகும் மண்ரோடும் ஒத்தையடிப்பாதையும் வேறு வேறு வகைக் கோடுகள். ஆனால் எங்கோ உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்த கோடுகளும் இவற்றில் கலந்திருக்கும். வரைந்தவர் அந்த மண்ணில் கால் வைத்திருக்க மாட்டார். சில்வர் ஓக் நிழலுக்கடியில் போகும் ரோடு மேலிருந்து தெரியாது என்பதால், நல்ல தடங்கள் சில படத்திலேயே இருக்காது.

அடுத்து ஸ்ட்ராவா செயலியின் ஹீட்மேப், அதாவது அதில் பதிவு செய்தவர்கள் அதிகம் போன வழிகளைப் பளிச்சென்று காட்டும் படம். நடை, ஓட்டம், சைக்கிள் என்று தனித்தனியாக மாற்றிப் பாருங்கள். நடப்பவர்களின் கோடு பளிச்சென்றும் சைக்கிள் கோடு இல்லாமலும் இருந்தால், அங்கே பாறைப்படி இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் இருந்தால் ஓட்டத் தகுந்த வழி. அதற்காக அனுமதி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எஸ்டேட்காரரின் விருந்தாளிகள் ஓட்டியதும் அதே நிறத்தில்தான் தெரியும்.

மூன்றாவது, கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் புரோ. அதில் பழைய படங்களுக்குப் போகும் வசதி உண்டு. ஒரே தடத்தை மார்ச் மாதப் படத்திலும், மழைக்குப் பிந்தைய படத்திலும் பாருங்கள். மார்ச்சில் செக்கச்செவேலென்று தெரிந்து மழைக்குப் பிறகு காணாமல் போகிற தடத்தை உண்ணிச்செடி மூடிவிடுகிறது என்று அர்த்தம். அதில் புகுந்தால் கையெல்லாம் கீறல்தான். இரண்டிலும் தெரிந்தால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கிற ரோடு.

4. ஏற்றத்தைக் கணக்குப் போடுங்கள்

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. படத்தில் மூன்று கிலோமீட்டர் என்று தெரிவது, தரையில் முழங்காலுக்கு வேறு கணக்கு.

கூகுள் எர்த்தில் தடத்தின் மேல் கோடு வரைந்து உயர விவரத்தைத் திறந்தால் போதும். ஒரு கிலோமீட்டரில் 120 மீட்டர் ஏறினால் 12 சதவீதம். தாரில் அதைச் சமாளித்துவிடலாம். உதிரிக் கல்லும் மண்ணும் கலந்த ரோட்டில், பழகாதவருக்குப் பின்சக்கரம் வழுக்கத் தொடங்குவது ஏறக்குறைய அங்கேதான். 15 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து போனால் தள்ளிக்கொண்டு போக மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மொத்த ஏற்றத்தை மட்டும் பார்த்து ஏமாறுவதும் நடக்கிறது. 300 மீட்டரைப் பத்துக் கிலோமீட்டரில் பரப்பினால் சுகம். அதையே கடைசி இரண்டு கிலோமீட்டரில் குவித்தால் பாதி தூரம் சைக்கிள் உங்கள் தோளில்.

5. தாரில் ஏறி மண்ணில் இறங்கலாமா

எல்லோருக்கும் வருகிற ஆசை இது. பழகிய தடத்தில் அதுதான் சரியும்கூட. முதல் தடவை மட்டும் மாற்றுங்கள். தெரியாத மண்ரோட்டில் கீழிருந்து மேலே போங்கள்.

காரணம் இதுதான். ஏறும்போது எந்த இடத்திலும் நிற்கலாம், வழி அடைந்திருந்தால் திரும்பி உருண்டு வந்துவிடலாம். இறங்கும்போது தடை எப்போதும் கீழேதான் காத்திருக்கும். எஸ்டேட் ரோடுகளின் கேட் பெரும்பாலும் தார் ரோட்டைத் தொடுகிற முனையில் இருக்கும். முந்நூறு மீட்டர் உயரம் இறங்கி வந்து, சங்கிலியும் பூட்டும் தொங்கும் கேட்டின் உள்பக்கத்தில் நீங்கள் நிற்பீர்கள். கேட் தூணுக்கும் வேலிக்கும் நடுவே ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து இருக்கும், தோட்ட வேலைக்கு வருகிறவர்களின் கால்பட்டு மண் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். ஹேண்டில்பாரைத் திருப்பி அதில் சைக்கிளை நுழைத்துவிடலாம் என்று கை பரபரக்கும். பூட்டு எதற்குத் தொங்குகிறது என்று யோசித்துவிட்டு, வந்த வழியே ஏறுவதுதான் முறை. அந்த ஏற்றத்தைத் தவிர்க்கத்தான் முதல் தடவை கீழிருந்து போகச் சொல்கிறேன்.

முழுத் தடத்தையும் ஏற முடியாது என்றால், கீழ் முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்காவது ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள். கேட், ஓடைக்குழாய் உடைந்த இடம், நாய் கட்டாத வீடு, இந்த மூன்றும் கீழ்ப்பகுதியிலேயே தெரிந்துவிடும்.

6. கேட்க வேண்டியவரிடம், கேட்கிற விதத்தில்

எஸ்டேட் அனுமதிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நிற்காதீர்கள். ஆபீஸில் ஆள் இருக்க மாட்டார்கள், வாட்ச்மேனுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. வெள்ளிக்கிழமையே வந்து ரைட்டரையோ (எஸ்டேட் கணக்குப்பிள்ளை) மேனேஜரையோ பார்த்துவிட்டால், ஞாயிறு ஓட்டலாம். அன்று வேலை இருக்காது, டிராக்டரும் ஓடாது. அனுமதி கொடுத்தவரின் பெயரையும், எந்தக் கேட்டில் நுழைந்து எதில் வெளியேறலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதை வாட்ச்மேனுக்கும் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மறு முனையில் கதை முதலிலிருந்து தொடங்கும்.

ஊர்த் தடங்களுக்கு டீக்கடைதான் ஆபீஸ். அங்கே போய் "இங்க எம்டிபி டிரெயில் இருக்குங்களா?" என்றால் அவர் என்ன சொல்வார், பாவம். கேட்க வேண்டியது இப்படி:

"அண்ணா, இந்தத் தடத்துல எக்ஸ்எல் வண்டி போகுங்களா?"

டிவிஎஸ் எக்ஸ்எல் மூட்டையோடு போகிற வழியென்றால் உங்கள் சைக்கிள் தாராளமாகப் போகும். "ஜீப்புதான் போகும்" என்றால் செங்குத்தும் உதிரிக்கல்லும் என்று பொருள். "நடந்துதானுங்க போவோம்" என்றால் பாறைப்படி இருக்கும். "முன்னெல்லாம் போய்ட்டிருந்தோம்" என்று யாராவது இழுத்தால் அந்தத் தடத்தை மறந்துவிடுங்கள், புதர் மூடிவிட்டது. இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலை எந்தச் செயலியும் தராது.

"போகலாம்ல?" என்று நீங்களே பதிலை வாயில் ஊட்டாதீர்கள். வெளியூர்க்காரர் ஆசையாகக் கேட்கிறாரே என்று "போகலாம் போகலாம்" என்றுதான் சொல்வார்கள். தூரமும் கேட்காதீர்கள், எல்லாமே "பக்கந்தான்". நடந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் என்றால் மலையில் நான்கு கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம்.

7. காரில் ஏற்றுவது

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பின்கதவில் மாட்டும் கேரியர் நம்பர் பிளேட்டை மறைத்தால் அபராதம் உண்டு. பின்விளக்கும் தெரிய வேண்டும். உள்ளே வைப்பதானால் முன்சக்கரத்தைக் கழற்றி, கியர் இருக்கும் பக்கம் மேலே வரும்படி படுக்க வையுங்கள். அந்தப் பக்கம் அடியில் போனால் டிரெயிலர் ஹேங்கர், அதாவது பின்கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டு, வளைந்துவிடும். ஏற்காட்டில் அதற்கு மாற்று கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள், உங்கள் மாடலுக்கான ஹேங்கர் ஒன்று பையில் இருக்கட்டும்.

ஹைட்ராலிக் பிரேக் என்றால், சக்கரம் கழற்றிய காலிப்பரில் (பிரேக் பேடுகள் இருக்கும் பகுதி) பிளாஸ்டிக் ஸ்பேசரைச் செருகுங்கள். ஏதாவது பை சரிந்து லீவரை அழுத்தினால் பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசர் இல்லையா, மடித்த அட்டையும் போதும்.

அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கேரியரின் வார்களை அடிவாரத்தில் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள். நெடுஞ்சாலையில் இருநூறு கிலோமீட்டர் ஆடி வந்ததில் தளர்ந்திருக்கும்.

8. முந்தின நாள் மாலை காரை வேலை வாங்குங்கள்

காரில் வந்ததன் உண்மையான லாபம் இதில் இருக்கிறது. மறுநாள் ஓட்டப்போகும் தடத்தின் இரண்டு முனைகளையும் காரிலேயே போய்ப் பாருங்கள். கேட் திறந்திருக்கிறதா, பலகையில் என்ன எழுதியிருக்கிறது, கார் நிறுத்த இடம் உண்டா என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஊரில் காலியாகத் தெரிகிற அகலமான இடத்தை இரண்டு முறை யோசித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அது பஸ் திரும்புகிற இடமாக இருக்கும், இல்லையென்றால் காப்பியோ மிளகோ காயவைக்கும் களமாக இருக்கும். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓரமாக நிறுத்தினால், வண்டிக்குக் காவலும் கிடைத்த மாதிரி ஆயிற்று.

9. ஓட்டும் நாள்

வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கிளம்புங்கள். சேர்வராயனில் காட்டெருமைகள் உண்டு. விடியலிலும் அந்தியிலும் அவை எஸ்டேட்டுக்குள் வந்து மேயும். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதுதான் ஆபத்து, வளைவில் திரும்பியதும் பத்தடியில் நிற்பீர்கள். மறைவான வளைவுகளுக்கு முன்னால் மணி அடியுங்கள். எதிரில் பார்த்துவிட்டால் இறங்கி நின்று, மெல்லப் பின்வாங்குங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகவே கூடாது. படம் எடுக்க நெருங்குவதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

இறக்கத்தில் கவனிக்க வேண்டியது உதிர்ந்த இலை. சில்வர் ஓக் இலைகள் ரோட்டை மெத்தையாக மூடியிருக்கும். அதற்கடியில் டிராக்டர் சக்கரத்தின் அரையடிப் பள்ளம் ஒளிந்திருக்கும். முன்சக்கரம் அதன் விளிம்பில் மாட்டினால் ஹேண்டில்பார் கையை விட்டுப் போய்விடும். இலை மூடிய இடத்தில் முன்பிரேக்கை விட்டு, எடையைப் பின்னால் தள்ளி, நேராக உருண்டு கடந்துவிடுங்கள்.

டயர் காற்று சமவெளித் தார் ரோட்டுக்கு வைத்த அதே அளவில் இருக்கக் கூடாது. டியூப்லெஸ் என்றால் 25 பிஎஸ்ஐ சுற்றி, டியூப் போட்டது என்றால் 30ஐ ஒட்டி வைத்துப் பாருங்கள். கூடுதல் எடை உள்ளவர்கள் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். இன்னும் குறைத்தால் பாறை விளிம்பில் டியூப் கடிபடும்.

மாலை நான்கு மணிக்கு எங்கே இருந்தாலும் தார் ரோட்டை நோக்கித் திரும்பிவிடுங்கள். மரநிழலுக்கடியில் வெளியை விட அரை மணி முன்னதாகவே இருட்டிவிடும். எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைத் தங்கும் இடத்தில் சொல்லிவையுங்கள். 108ஐ அழைத்தாலும் நீங்கள் எந்த எஸ்டேட்டில், எந்த ஊர் பக்கம் கிடக்கிறீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டுமே. பெரிய காயமென்றால் சேலம் வரை இறங்கியாக வேண்டும், அந்த நேரத்தையும் மனதில் வைத்தே இறக்கத்தில் வேகம் பிடியுங்கள்.

ஓட்டி முடித்த பதிவை, அது எஸ்டேட் வழியென்றால், பொதுவில் போடாதீர்கள். ஹீட்மேப்பில் உங்கள் கோட்டைப் பார்த்து அடுத்தவர் கேட்காமலே நுழைவார்.

10. மலையில் ஒன்றும் அமையவில்லையா

அனுமதி கிடைக்காத நாளும், விடாமல் தூறும் நாளும் வரத்தான் செய்யும். கீழே இறங்கிவிடுங்கள். மேலே மூட்டமாக இருக்கும்போதே சேலத்தில் வெயில் அடிப்பது சாதாரணம். கஞ்சமலையின் அடிவாரத்தைச் சுற்றிக் கிராம ரோடுகளும் வண்டித்தடங்களும் இருக்கின்றன. மலைமேல் ஏறாமல் அடியைச் சுற்றினாலே ஒரு காலைப்பொழுது போதாது. பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கமும் போய்ப் பார்க்கலாம். காலை ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள், சேலத்து வெயில் அதற்கு மேல் விடாது.

கீழே உங்கள் எதிரி முள். சீமைக்கருவேல முள் பக்கவாட்டில் குத்தும், நெருஞ்சி நடுவில் குத்தும். டியூப்லெஸ் டயர் என்றால் கிளம்பும் முன் உள்ளே ஊற்றிய சீலன்ட் திரவம் காயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முள் குத்தியது தெரிந்ததும், குத்திய இடம் அடிப்பக்கம் வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் பிடுங்குங்கள், சீலன்ட் அங்கே தேங்கி ஓட்டையை அடைக்கும். டியூப் என்றால் புது டியூபை மாட்டுவதற்கு முன்னால் டயரின் உள்பக்கத்தை விரலால் ஒரு சுற்று மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒடிந்த முனை உள்ளேயே இருந்தால் அடுத்த டியூபும் அதே இடத்தில் போகும்.